இருபத்து மூன்றில் நின்ற கணக்கு

நத்தமேடு என்று ஓர் ஊர். பஸ் நிற்கும், ஆனால் டிரைவர் இன்ஜினை அணைக்க மாட்டார், அவ்வளவுதான் ஊர். அங்கே வயலுக்குப் பதில் தறி இருந்தது, காக்காய்க்குப் பதில் பஞ்சு பறந்தது, முந்நூறு விசைத்தறிகளும் சேர்ந்து நெய்தது ஒரே துணிதான்: காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. உலகத்தில் எங்கேயோ யாருக்கோ அடிபட்டால்தான் நத்தமேட்டில் அடுப்பு எரியும் என்பதால், அந்த ஊர்க்காரர்கள் கோயிலில் என்ன வேண்டிக்கொள்வார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதில்லை. அது ஒரு நாகரிகம்.

ஊரின் வடக்குக் கோடியில், பழைய நூல் குடோனை ஆறு தட்டிகளால் ஏழு வகுப்புகளாகப் பிரித்து, சீனியம்மாள் நினைவு நர்சரி பிரைமரி பள்ளி நடந்துவந்தது. சீனியம்மாள், பள்ளித் தாளாளர் வீரபெருமாளின் தாயார். தாளாளர் என்ற சொல்லுக்கு விடாமுயற்சி உடையவர் என்று அகராதி பொருள் சொல்கிறது. முயற்சி எதில் என்று அது சொல்லாமல் விட்டிருப்பது அகராதியின் குற்றமல்ல.

துணி ஊர்ப் பள்ளி என்பதால் அங்கே துணியில் ஒரு வழக்கம் இருந்தது. மூன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு ஒரு யூனிஃபார்ம். மூன்று வருஷத்துக்கும் அதுவேதான். வளர்ற பிள்ளை என்று சொல்லி, மெரூன் கட்டம் போட்ட பினாபார்மின் விளிம்பை இரண்டு மடிப்பாக உள்ளே மடித்துத் தைத்திருப்பார்கள். ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை, பாஸான பிள்ளைகளை பெஞ்சில் வரிசையாக ஏற்றி நிறுத்தி, டீச்சரே கத்தரிக்கோலால் ஒரு மடிப்பின் நூலை வெட்டிவிடுவார். விளிம்பு நான்கு விரல் அகலம் இறங்கும். அப்போதுதான் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போனதாக அர்த்தம். ஃபெயிலான பிள்ளைக்கு மடிப்பு அப்படியே இருக்கும். ரிப்போர்ட் கார்டை யாரும் படிப்பதில்லை. தெருவில் போகிற பிள்ளையின் விளிம்பைப் பார்த்தே ஊர் அதன் படிப்பைச் சொல்லிவிடும்.

மூன்றாம் வகுப்பு அமலோற்பவம் டீச்சருடையது. நாற்பத்திரண்டு வயது, சாக்பீஸ் பட்டு வெளுத்த வலது கை, பித்தான் அறுந்த பிள்ளைகளுக்காகக் கைப்பையில் எப்போதும் ஓர் ஊசியும் மெரூன் நூலும். வகுப்பில் முப்பத்தோரு பிள்ளைகள். அதில் சுபிக்ஷா என்று ஒருத்தி, எட்டு வயது, தறிக்காரர் வீட்டுப் பெண், விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கை தூக்குவாள்.

"தெரியாம எதுக்குடி தூக்குற?" என்று டீச்சர் கேட்டால், "போர்டுகிட்ட வர்றதுக்குள்ள தெரிஞ்சிரும் டீச்சர்" என்பாள்.

பெருந்தொற்று வந்த வருஷம் மார்ச் மாதத்தில், பள்ளி நடந்த கடைசி நாளன்று, அப்படித்தான் கை தூக்கி போர்டுக்கு வந்தாள். எழுநூற்று முப்பத்தைந்தை ஐந்தால் வகுக்க வேண்டும். ஏழில் ஐந்து ஒரு தடவை, மீதி இரண்டு, மூன்றைக் கீழே இறக்கினாள், இருபத்து மூன்று. அதற்கு மேல் என்ன என்று அவள் டீச்சரைத் திரும்பிப் பார்த்த நொடியில் தாளாளர் உள்ளே வந்து, "மறு உத்தரவு வர்ற வரைக்கும் லீவு, பிள்ளைகள அனுப்பிருங்க" என்றார். முப்பது பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடின. முப்பத்தோராவது பிள்ளை சாக்பீஸை டீச்சரின் உள்ளங்கையில் வைத்தது.

"அழிச்சிராதீங்க டீச்சர். நாளைக்கு வந்து மிச்சத்தைப் போடறேன்."

டீச்சர் அழிக்கவில்லை.

பிறகு வந்த மாதங்களை எல்லோரும் அறிவார்கள். எல்லா ஊர்களும் அடங்கிக் கிடந்தபோது நத்தமேட்டில் மட்டும் மருத்துவப் பொருள் என்று அனுமதி வாங்கிய முந்நூறு தறிகளும் ஓடின, ஒரு வீடு விடாமல் துணி சுருட்டினார்கள், சின்ன விரல்கள் சுருட்டினால் சுருள் இறுக்கமாக வருகிறது என்று தறி ஷெட்டுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், பள்ளி எப்போது திறக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்த தாய்மார் மெல்ல அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்கள். எல்லோரும் பாஸ் என்று உத்தரவு வந்தது. யார் மடிப்பையும் யாரும் வெட்டவில்லை. டீச்சர்கள் மட்டும் தினமும் பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட்டு, காலி வகுப்பில் உட்கார்ந்து வாட்ஸப்பில் பாடம் அனுப்பினார்கள். அமலோற்பவம் டீச்சரின் முப்பத்தொன்றில் ஏழு வீட்டில் அதற்கேற்ற போன் இருந்தது, அந்த ஏழில் ஐந்து போன்கள் அப்பாவோடு ஷெட்டுக்குப் போயின.

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை, ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, யூனிஃபார்ம்கள் பள்ளிக்கு வந்தன.

கொடிகளிலிருந்தும் பீரோக்களிலிருந்தும் இறங்கி, தெருவின் இடது ஓரமாக, ஒன்றன்பின் ஒன்றாக, நடுவே ஆறடி இடைவெளி விட்டு வந்தன. வெள்ளைக் காலருக்கு மேலே ஒன்றுமில்லை, கைமடிப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, பினாபார்முக்கும் டவுசருக்கும் கீழே தரைவரை வெறும் காற்று. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு மடிப்பு பிரிந்திருந்தது. வெட்டுப்பட்ட மெரூன் நூல்கள் தெரு நெடுகக் கிடந்தன. அரசாங்க உத்தரவைத் துணிகள் சரியாகப் படித்திருந்தன. நான்காம் வகுப்பு என்றாலும் அவை பழைய அறைக்குள்ளேயே வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தன. ஒன்று மட்டும் உட்காரவில்லை. மூன்றாவது பெஞ்சின் ஓரத்திலிருந்து கை தூக்கியது, டீச்சர் தலையசைத்ததும் போர்டுக்கு வந்தது. சாக்பீஸ் கைமடிப்பின் வாயில் ஒட்டிக்கொண்டு எழுந்தது. இருபத்து மூன்றில் ஐந்து நான்கு தடவை, மீதி மூன்று; ஐந்தை இறக்கி முப்பத்தைந்து; ஏழு தடவை, மீதி இல்லை. நூற்று நாற்பத்தேழு.

அமலோற்பவம் டீச்சர் அழுதார். நான்கு மாதம் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அழுததில் தப்பில்லை. தப்பு அடுத்ததாக அவர் செய்தது. பெஞ்சில் வகுப்பு உட்கார்ந்திருப்பதைக் கண்டால் வருகைப் பதிவேட்டை எடுக்காமல் இருக்க ஒரு டீச்சரால் முடியாது. எடுத்தார். பெயர் வாசித்தார். கைகள் எழுந்தன. முப்பத்தோரு கட்டங்களில் முப்பத்தோரு டிக் போட்டார். பதிவேட்டின் தலைப்பில் வரிசை எண், பெயர், தேதி என்றுதான் அச்சிட்டிருந்தது; உடம்பு என்று ஒரு பத்தி கிடையாது.

அதன்பின் ஊர் அந்த விஷயத்தைப் பழகிக்கொள்ள ஒன்பது நாள் ஆயிற்று.

முதல் நாள் பயந்தார்கள். இரண்டாம் நாள் டீக்கடையில், "ஆளு கூடக் கூடாதுன்னுதானய்யா உத்தரவு, சட்டை கூடக் கூடாதுன்னு எங்க போட்டுருக்கு?" என்று ஒருவர் கேட்டார். மூன்றாம் நாளிலிருந்து தாய்மார் டிபன் பாக்ஸ் கட்டிக் கைமடிப்பில் மாட்டிவிட்டார்கள். சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. ஆறாம் நாள் கட்டுவதை நிறுத்தி, "சோறும் மிச்சம்" என்றார்கள். சுகாதார அலுவலர் வந்து காலர் காலராகத் துப்பாக்கித் தெர்மாமீட்டர் நீட்டிப் பார்த்து, காய்ச்சல் அறிகுறி எவருக்கும் இல்லை என்று எழுதினார். முகக்கவசம் எங்கே என்று கேட்டார். தாளாளர் உடனே எல்லாவற்றுக்கும் வாங்கிவரச் செய்து மேல் பித்தானில் தொங்கவிட்டார். கல்வி அலுவலர் வந்தார். மூன்று வகுப்புகளைப் பார்த்துவிட்டு, பார்வையாளர் புத்தகத்தில், "மாணவர்களின் ஒழுக்கமும் அமைதியும் பிற பள்ளிகள் பின்பற்றத் தக்கவை" என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் நாள் பள்ளிச் சுவரில் ஒரு தட்டி கட்டினார்கள். "எல்.கே.ஜி. அட்மிஷன் நடைபெறுகிறது. பிள்ளையை அழைத்துவரத் தேவையில்லை. அளவு கொடுத்தால் போதும்."

உண்மையைச் சொல்வதானால் பாடம் நன்றாக நடந்தது. யூனிஃபார்ம்கள் பேசவில்லை, பென்சில் திருடவில்லை, ஒன்றுக்கு என்று விரல் காட்டவில்லை. சொன்னதை எழுதின, எழுதியதை மறக்கவில்லை. பதினாறாம் வாய்ப்பாடு வரை எழுதிக் காட்டின. சாயங்காலம் வரிசையாக வீடு திரும்பி, கொடியோரம் போய் நின்றன. அங்கே தறிவேலை முடித்த பிள்ளைகள் அவற்றைக் கழற்றி, அதாவது தரையில் மடக்கிப் போட்டு, சோப்பு வைத்துத் துவைத்து, வெள்ளைச் சட்டைக்குச் சொட்டு நீலம் போட்டு, காலையில் இஸ்திரி தேய்த்து அனுப்பின. "எங்க வீட்டு யூனிஃபார்ம்தான் கணக்குல முதல்" என்று சுபிக்ஷாவின் அம்மா ராஜகனி குழாயடியில் சொன்னாள். "காலர்ல அழுக்கே இல்ல பாத்தியா, பிள்ளைக போட்டுட்டுப் போனா இப்படி இருக்குமா?"

அமலோற்பவம் டீச்சருக்கு மட்டும் ஒரு வழக்கம் மாறாமல் இருந்தது. மூன்றாவது பெஞ்சின் ஓரத்து யூனிஃபார்ம் கை தூக்கும்போதெல்லாம் காலருக்கு மேலே பார்த்துவிடுவார். அது விடை தெரிந்தால் மட்டும்தான் கை தூக்கியது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ராஜகனி வீட்டுக்குப் போனார். சுபிக்ஷா தரையில் குந்தியிருந்தாள், தொடைமேல் துணிச்சுருள். சுருட்டி, ஐந்து ஐந்தாக அடுக்கி, நூலால் கட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். கட்டுக்குச் சேராத மிச்சத்தை ஜன்னல்மேல் வைத்தாள். நிமிரவில்லை.

"அது ஸ்கூலுக்கு வரலயா டீச்சர்?"

"வருது. ஒருநாள்கூட லீவு இல்ல."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"உன்னப் பாக்கத்தான். அந்தக் கணக்கு ஞாபகமிருக்கா சுபி?"

"இருபத்து மூணு" என்றாள், விரல் நிற்காமல். "அதுக்கப்புறம் நீங்க சொல்லித் தரலயே."

"இப்பச் சொல்லித் தரட்டா? பத்து நிமிஷம்."

ராஜகனி டீயோடு வந்தாள். "என்ன டீச்சர் நீங்க, அதுதான் படிச்சு முடிச்சிருச்சே! ஒரே பாடத்த ஒரே வீட்டுக்கு ரெண்டு தடவ எதுக்கு? டீ ஆறுது, குடிங்க. ஏ சுபி, பேச்சுக் குடுத்தா கை நிக்குது பாரு."

கை நிற்கவில்லை. டீச்சர் டீயைக் குடித்தார். திரும்பி வரும்போது, திங்கட்கிழமை முப்பத்தொன்றும் அமைதியாக உட்கார்ந்திருக்கும் என்ற நினைப்பு அவருக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்காக அவர் தன்னை மன்னித்துக்கொண்டதே இல்லை, ஆனாலும் ஒரு வருஷம் அதை அனுபவித்தார்.

மறு ஜூனிலும் எல்லோரும் பாஸ். இரண்டாவது மடிப்பும் தானாகப் பிரிந்தது. யூனிஃபார்ம்கள் ஐந்தாம் வகுப்புக்குப் போயின. அவற்றோடு பழகிய டீச்சர் என்று அமலோற்பவத்தையும் தாளாளர் கூடவே அனுப்பினார்.

அந்த நவம்பரில் பள்ளிகளைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. நத்தமேட்டில் அதை ஒரு குழப்பமாகத்தான் பார்த்தார்கள். "அதுதான் போகுதே, இவனும் வேற வரணுமா?" என்று தகப்பன்மார் கேட்டார்கள். "கட்டாயம் இல்லை" என்றார் தாளாளர்.

திறந்த அன்று மாதாந்திர மின்தடை. தறிகள் நின்றிருந்தன. அதனால்தான் சுபிக்ஷா வந்தாள். டீச்சர் பதிவேட்டில் அவள் பெயரை வாசித்தபோது மூன்றாவது பெஞ்சில் கை எழுந்தது. வாசலிலிருந்து, "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வந்தது. இருபது மாதமாகப் பிள்ளைக் குரல் கேட்காத வகுப்பு அது. வெளுத்த பச்சைப் பாவாடை சட்டையில் அவள் நின்றாள், சுருட்டித் தேய்ந்த விரல்களால் வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு.

தாளாளர் வந்தார். "ஒரு பேருக்கு ஒரு எடம்தான் டீச்சர். யூனிஃபார்ம் இல்லாம உள்ள விடவும் முடியாது. வேணும்னா அதுக்குள்ள போய் உக்காரட்டும்."

அவள் அதற்குள் போனாள். தலை காலர் வழியே வெளியே வந்தது, கைகள் சட்டைக் கையின் பாதியிலேயே நின்றுவிட்டன. விளிம்பு தரையில் கிடந்தது. ஒரு அடி எடுத்து வைத்துத் தடுக்கி விழுந்தாள். இருபது மாதம் குந்தி உட்கார்ந்து, கிடைத்தபோது கிடைத்ததைத் தின்றவள் வளரவே இல்லை. வளர்ற பிள்ளை என்று ஊர் சொன்னதைத் துணி மட்டும் நம்பி வளர்ந்திருந்தது.

"இது அஞ்சாங்கிளாஸ், அது மூணாங்கிளாஸ்" என்றார் தாளாளர், முதலில் துணியையும் பிறகு பிள்ளையையும் காட்டி. "நான் எதை எங்க உக்கார வைக்க?" சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனார்.

அமலோற்பவம் டீச்சர் கைப்பையைத் திறந்து ஊசியை எடுத்தார். அந்தப் பள்ளியில் மடிப்பை வெட்டத்தான் செய்வார்கள். வெட்டிய மடிப்பைத் திரும்பத் தைத்தவர் எவருமில்லை. தரையில் உட்கார்ந்து விளிம்பைப் பழைய கோட்டில் மடித்து ஓட்டுத்தையல் போட்டார். ஐந்து நான்காயிற்று. மறுபடி மடித்தார். நான்கு மூன்றாயிற்று. காலைப் பிடித்த கோழி மாதிரி துணி அவர் விரலுக்குள் துடித்தது. சுபிக்ஷா அசையாமல் நின்றாள்.

"கணக்குப் போடறியா?"

கை தூக்கினாள். போர்டுக்கு வந்தாள். ஏழில் ஐந்து ஒரு தடவை, மீதி இரண்டு, மூன்றை இறக்கி, இருபத்து மூன்று. நின்றாள். சட்டைக் கை அவள் கையை இழுத்துக்கொண்டு போர்டை நோக்கிப் போயிற்று.

"டீச்சர், சட்டைக்குத் தெரியுது. எனக்குத் தெரியல."

டீச்சர் அந்தச் சட்டைக் கையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். "அது கெடக்கட்டும். நீ யோசி. ஒண்ணும் அவசரமில்ல."

முப்பது காலி காலர்களும் பார்த்துக்கொண்டிருந்தன. சுபிக்ஷா உதட்டைக் கடித்துக்கொண்டு இருபத்து மூன்றையே பார்த்தாள். அவள் வாய் எதையோ சொல்லத் திறந்தபோது, தூரத்தில் முந்நூறு தறிகளும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தன. கரண்ட் வந்துவிட்டது. கரண்டுக்குப் பின்னால் ராஜகனி வந்தாள், அவள் பின்னால் தாளாளர்.

ராஜகனி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, விளிம்பைப் பார்த்தாள். "ரெண்டு கிளாஸ் எறக்கிட்டீங்களே டீச்சர்! பாஸான பிள்ளைய ஃபெயில் ஆக்கிட்டீங்களே! தெருவுல போனா நாலு பேரு இதத்தான பாப்பாங்க?"

"பத்து நிமிஷம் குடு ராஜகனி. இருபத்து மூணத் தாண்டிட்டா..."

"கவர்மெண்டே பாஸ்னு சொல்லியாச்சு" என்றார் தாளாளர். "ஊசிய வச்சுக்கிட்டு ஃபெயில் போட நீங்க யாரு?"

ராஜகனி குனிந்து தையலைப் பல்லால் கடித்து இழுத்தாள். நூல் படபடவென்று பிரிந்தது. விளிம்பு தரைக்கு இறங்கியது. சுபிக்ஷா அதற்குள்ளிருந்து கீழே வழிந்து வெளியே வந்து, பச்சைப் பாவாடையைத் தட்டிக்கொண்டு, அம்மாவோடு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. யூனிஃபார்ம் போர்டில் மிச்சத்தைப் போட்டது. நூற்று நாற்பத்தேழு. மற்றவை கைதட்டின. உள்ளே கையில்லாத சட்டைகள் தட்டினால் சத்தம் வராது.

பதிவேடு மேஜைமேல் திறந்தே இருந்தது. சுபிக்ஷா என்ற பெயருக்கு நேரே டீச்சர் டிக் போட்டார். வேறு என்ன போடுவது என்று அந்தப் பதிவேடு சொல்லவில்லை.

கல்வி ஆண்டு முடிந்து டி.சி. கொடுக்கும் நாள் வந்தது. மூன்றாவது பெஞ்சின் ஓரத்துக்குக் கணக்கில் முதல் பரிசு, டி.சி.யையும் பரிசுத் தட்டையும் கொடுக்கும் சாக்கில் டீச்சர் சாயங்காலமாக ராஜகனி வீட்டுக்குப் போனார். ராஜகனி தட்டைத் துடைத்து சாமி படத்தருகே வைத்தாள்.

"ஆறாங்கிளாஸுக்கு டவுன் ஸ்கூல்ல எடம் கெடச்சிருச்சு டீச்சர். புது யூனிஃபார்முக்கு அளவும் குடுத்தாச்சு. பழசத்தான் டெய்லர்கிட்ட அளவுக்குக் குடுத்தேன். பிள்ளைய அளந்தா சின்னதாப் போயிரும்ல?"

கொல்லையில் சுபிக்ஷா வாளியில் யூனிஃபார்மை ஊறவைத்துவிட்டு, அன்றைய கடைசிச் சுருள்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் எண்ணினார். சாக்குமேல் இருபத்து மூன்று சுருள்கள். சுபிக்ஷா பார்க்காமலே கையை நீட்டி ஐந்தை எடுத்துக் கட்டினாள், இன்னோர் ஐந்து, இன்னோர் ஐந்து, இன்னோர் ஐந்து. மிச்சத்தை அள்ளி ஜன்னல்மேல் வைத்தாள்.

டீச்சர் கட்டுகளின் பக்கம் குனிந்தார். "சுபி! எத்தன கட்டு?"

"நாலு."

"மிச்சம்?"

"மூணு. நாளைக்கு வர்றதோட சேத்துக் கட்டுவேன்."

"அதுதான்டி! இருபத்து மூணுக்கு அப்புறம் அதுதான்! நாலு தடவ, மீதி மூணு. அதுக்கு மேல புதுசா ஒண்ணுமே இல்ல, இதையே இன்னொரு தடவ செய்யணும், அவ்வளவுதான். உனக்குத் தெரிஞ்சிருக்கு சுபி. எப்பவோ தெரிஞ்சிருக்கு!"

சுபிக்ஷா நான்கு கட்டுகளையும் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். வாளியில் ஊறிக்கொண்டிருந்த மெரூன் கட்டத்தை வெகுநேரம் பார்த்தாள். டீச்சர் காத்திருந்தார், போர்டு முன்னால் காத்திருப்பதைப் போல. அவள் முகத்தில் வந்தது சந்தோஷமில்லை.

"இதையா டீச்சர் அது ரெண்டு வருஷமாப் படிச்சுது?"

டீச்சர் தலையசைத்தார்.

"நான் என்னவோ பெருசா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். எழுந்து யூனிஃபார்மை வாளியிலிருந்து தூக்கி, கல்லில் நான்கு அடி அடித்து, முறுக்கிப் பிழிந்து, கொடியில் போட்டு கிளிப் மாட்டினாள். பழைய மடிப்புக் கோடுகள் தெரியாமலிருக்க விளிம்பை இழுத்துவிட்டாள். பிறகு சாக்கின்முன் வந்து குந்தினாள்.

"நகருங்க டீச்சர், வெளிச்சம் மறைக்குது."